ஐந்துக்கு ஒன்பது

மதுரையில் படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் மருந்து கலக்கிப் பழகி, கம்பவுண்டர் ஆனவன் நான். தெர்மாமீட்டரை உதறி, வாயில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் படிப்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். அப்படிப்பட்டவன் மூக்குக்கு நேரே கிடந்த ஒரு விஷயத்தை, எண்களைத் தவிர ஓர் எழுத்தும் தெரியாத ஜக்கம்மாள் கண்டுபிடித்தாள். இதைச் சொல்ல முன்பு எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது இல்லை. கேட்க ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும், நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. குரங்கணியிலிருந்து மூச்சு வாங்க இரண்டு மணி நேரம் ஏறினால் அப்துல் ஹமீது ராவுத்தரின் ஏலத்தோட்டம். முதலாளி போடியில் இருப்பார், மாதத்துக்கு ஒரு தடவை மேலே வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்துக்கு ராஜா கங்காணி வீரணன்தான். எனக்கு அங்கே ஒரு மருந்து ரூம், ஒரு பெஞ்சு, ஒரு ஜாடி கொய்னா மருந்து. மலைக்காய்ச்சல் இல்லாத வாரமே கிடையாது என்பதால் எனக்குச் சோலி இல்லாத நாளும் கிடையாது.

என் ரூமுக்குப் பக்கத்துக் கட்டடம் ஸ்டோர். ஏலக்காயை வாட்டுகிற இடம். பறித்த காயை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப்போகும். பச்சை நிறம் போன காயைப் போடியில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால் சன்னலே இல்லாத கல்கட்டடத்துக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, வெளியே அடுப்பு எரித்து, தரையோடு ஓடும் தகரக் குழாயில் சூட்டை உள்ளே விட்டு, ஒன்றரை நாள் வாட்டுவார்கள். சூடு குறைந்தால் காய் பூசணம் பூக்கும். கூடினால் வெடித்துச் சருகு நிறத்துக்குப் போகும். நூற்றிருபது டிகிரியில் நிற்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். அதைப் பார்க்க ஸ்டோருக்குள் ஓர் இங்கிலீஷ் தெர்மாமீட்டர் தொங்கும். எல்லோரும் அதைக் கண்ணாடி என்பார்கள்.

அந்த அடுப்பு ஜக்கம்மாளுடையது. முதலில் அவள் புருஷன் மொக்கச்சாமி பார்த்தான். காய்ச்சலில் அவன் போனதும், சீசன் நடுவில் வேறு ஆள் கிடைக்காமல் இவளை நிறுத்தினார்கள். பொம்பளை அடுப்பு சோறு பொங்கத்தான் ஆகும் என்று வீரணன் கேலி பண்ணினார். ஏழு சீசன் ஆகியும் ஒரு தட்டுக் காய்கூடக் கெடவில்லை. ஸ்டோர் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. சிலமலையில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவன் வீட்டுச் சோற்றைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: "போடுவாக அய்யா. எண்ணி எண்ணிப் போடுவாக." சாவி இடுப்பில் இருக்கிற வரைக்கும் அந்த வாசலை மிதிக்க வேண்டியதில்லை என்பதுதான் அவளுக்கு உயிர்.

கண்ணாடியை அவள் பார்ப்பாள், ஆனால் அதை மட்டுமே நம்பமாட்டாள். மேல் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூலில் சுண்டைக்காய் அளவு தேன்மெழுகு உருண்டை கட்டித் தொங்கவிட்டிருப்பாள். மெழுகு இளகி விழுந்தால் காய் கெட்டது என்று அர்த்தம். வேலைக்கு வந்த புதுசில் இரண்டு தடவை வெறும் ஸ்டோரை எரித்துச் சோதித்திருக்கிறாள். இரண்டு தடவையும் கண்ணாடி நூற்று நாற்பத்தைந்தைத் தொட்டபோது மெழுகு விழுந்ததாம்.

அந்தச் சீசனில் தட்டு இடித்து இங்கிலீஷ் கண்ணாடி உடைந்தது. சண்டையால் சீமைச் சாமான் எதுவும் கப்பலில் வரவில்லை. மதுரையில் தேடினார்கள், மதராசுக்கு எழுதினார்கள், இல்லை. கடைசியில் முதலாளியின் மருமகன் காரைக்காலில் ஒரு பிரெஞ்சுக்காரன் கடையில் வாங்கி அனுப்பினான். பார்க்க அழகான கண்ணாடி. பித்தளைப் பட்டையில் பொடி எண்கள். வீரணன் அதைத் தன் கையாலேயே மாட்டினார்.

மறுநாள் அந்தச் சீசனில் மூன்றாவது தடவை பறித்த காய் ஸ்டோரில் ஏறியது. மத்தியானம் வீரணன் கதவைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததும் போட்ட சத்தத்தில் என் பெஞ்சில் கிடந்த காய்ச்சல்காரனே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"நூத்திருபது எங்க, இது எங்க? கம்பவுண்டரே, இங்க வாரும். படிச்ச ஆளு நீரு, வந்து பாத்துச் சொல்லும்!"

நான் போனேன். கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். "நாற்பத்தொன்பது" என்றேன். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. என் வாயால் வந்த அந்த ஒரு எண்தான் ஜக்கம்மாள் தலையில் விழுந்தது.

"பாதி சூடுகூட இல்ல! அடுப்ப அணைய விட்டுட்டு எங்க போயிப் படுத்திருந்த?"

"அணையலண்ணே. கைய வச்சுப் பாருங்க. சூடு சரியா இருக்கு."

"உன் கைதான் கண்ணாடியோ? வெறகத் தள்ளுங்கடா!"

இரண்டு ஆட்கள் விறகைத் தள்ளினார்கள். கண்ணாடி ஏறியது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. அறுபத்துமூன்றில் மெழுகு விழுந்ததை ஜக்கம்மாள் கண்ணால் பார்த்தாள். "மெழுகு விழுந்திருச்சுண்ணே, நிறுத்துங்கண்ணே" என்று கெஞ்சினாள். வீரணன் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். எழுபது ஏறியபோது உள்ளே காய் படபடவென்று வெடிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது.

அவ்வளவு காயும் போயிற்று. வாய் பிளந்து, பழுப்பேறி, கருகிய வாடையோடு வெளியே வந்தது. வீரணன் பொய்யர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அடுப்பை அணையவிட்டதால்தான் அவசரமாக எரிக்க வேண்டி வந்தது, அதனால்தான் காய் கெட்டது என்று அவர் மனசார நம்பினார். சாவியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை முதலாளி வருகிறார், அவரிடம் சொல்லிவிட்டு மலையை விட்டு இறங்கிக்கொள் என்றார். ஜக்கம்மாள் அழவில்லை. இடுப்பில் சாவி இருந்த இடத்தை மட்டும் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மருந்து ரூமுக்குள் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, சோணை என்கிற காய் பறிக்கிற ஆள் நடுங்கிக்கொண்டு என் ரூமுக்கு வந்தான். தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தது ஜக்கம்மாள். நான் தெர்மாமீட்டரை அவன் நாக்குக்கடியில் வைத்து எடுத்து, "நூற்று மூன்று" என்றேன்.

"நல்ல ஒடம்புக்கு எம்புட்டு அய்யா இருக்கும்?" என்று கேட்டாள்.

"தொண்ணூற்றெட்டு. உனக்கும் எனக்கும் எல்லாருக்கும் அதுதான்."

அவள் சோணையின் நெற்றியில் கை வைத்தாள். எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். மறுபடி அவன் நெற்றியில் வைத்தாள். கொய்னா அளக்கப் போன நான் திரும்பிப் பார்த்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"இவன் ஒடம்பு நூத்திமூணு. ஸ்டோருக்குள்ள போனா இதவிடச் சுடும். குழாயத் தொட்டா தோலு உரியும். அப்புறம் எப்பிடி அய்யா அது நாப்பத்தொம்பதா இருக்கும்? நாப்பத்தொம்பதுன்னா பொணத்தவிடல்ல சில்லுனு இருக்கணும்?"

கொய்னா அளப்பதை விட்டுவிட்டு அவள் பக்கம் வந்தேன். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது என்று சொன்னால் அது குறைவு. மூன்று வருஷமாகத் தினமும் இருபது பேருக்குத் தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்று நான்கு என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான். பதினைந்து அடி தள்ளி, வேர்த்து ஊற்றுகிற அறைக்குள் நின்றுகொண்டு நாற்பத்தொன்பது என்று வாசித்திருக்கிறேன். அங்கே தொங்குவது கண்ணாடி, இங்கே இருப்பது தெர்மாமீட்டர். ஒன்று காய்க்கு, ஒன்று காய்ச்சலுக்கு. இரண்டும் ஒரே சூட்டைத்தான் அளக்கின்றன என்பது அந்தத் தோட்டத்தில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை, படித்த எனக்கும் சேர்த்து.

நான் போய் வீரணனிடம் ஏதோ மருந்துச் சூடு பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடியை வாங்கிவந்தேன். அதை ஜக்கம்மாள் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நூறு எண்ணிவிட்டுப் பார்த்தோம். முப்பத்தேழு. நான் வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு. தட்டுக் கழுவ வந்த சுந்தரம்மாளையும் விடவில்லை. அவளுக்கும் முப்பத்தேழு.

"அவுக முப்பத்தேழும்பாக, நாம தொண்ணூத்தெட்டும்போம்" என்றாள் ஜக்கம்மாள். "கோடு போட்டவன் வேற வேற ஆளு."

"சரி, நூற்றிருபதுக்கு அவன் கணக்கில் எவ்வளவு?" என்றேன். "அது தெரியாமல் முதலாளியிடம் போய் என்ன சொல்ல முடியும்? இன்னொரு இடம் வேண்டும். இரண்டு கண்ணாடியிலும் பார்த்த இன்னொரு சூடு."

"மெழுகு" என்றாள் அவள் உடனே. "பழசுல நூத்தி நாப்பத்தஞ்சு. புதுசுல அறுவத்திமூணு."

உடம்பிலிருந்து மெழுகுக்கு ஏறப் பழைய கண்ணாடியில் நாற்பத்தேழு கோடு. புதியதில் இருபத்தாறு கோடு. நான் சிலேட்டை எடுத்து நாற்பத்தேழை இருபத்தாறால் வகுக்க ஆரம்பித்தேன். ஒன்று, மீதி இருபத்தொன்று, புள்ளி வைத்து எட்டு, மறுபடி மீதி. அது முடிகிற மாதிரி தெரியவில்லை. எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதினேன்.

ஜக்கம்மாள் அதற்குள் வெளியே போய் இரண்டு பிடி காய் கொண்டுவந்திருந்தாள். பழுப்பேறி வெடித்த காய் ஒரு பிடி, அன்றைக்குப் பறித்த பச்சைக் காய் ஒரு பிடி. என் பெஞ்சில் வெடித்த காய் இருபத்தாறை வரிசையாக வைத்தாள். அது புதுக் கண்ணாடி. பச்சைக் காய் நாற்பத்தேழை எண்ணி வைத்தாள். அது பழசு. பிறகு ஒவ்வொரு வெடித்த காய்க்கும் பக்கத்தில் இரண்டு பச்சைக் காயாக வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் பச்சைக் காய் போதவில்லை.

"ஒண்ணுக்கு ரெண்டுன்னா அஞ்சு கொறையுது. ஒரே எடத்துல கொறைக்கக் கூடாது, பரவலாக் கொறைக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெடித்த காயை ஐந்து ஐந்தாகக் கூறு கட்டினாள். ஐந்து கூறு வந்தது, ஒன்று மிஞ்சியது. ஒவ்வொரு கூறுக்கும் பத்துப் பச்சைக் காயில் ஒன்றைக் குறைத்து ஒன்பது வைத்தாள். மிஞ்சின ஒன்றுக்கு இரண்டு வைத்தாள். நாற்பத்தேழும் தீர்ந்தது. ஒரு காய் மிச்சமில்லை, ஒரு காய் குறையவில்லை.

"அஞ்சுக்கு ஒம்பது" என்றாள்.

என் சிலேட்டில் இன்னும் புள்ளிக்கு அப்புறம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

நூற்றிருபதுக்கு வந்தோம். தொண்ணூற்றெட்டிலிருந்து இருபத்திரண்டு ஏற வேண்டும். இருபத்திரண்டு பச்சைக் காயை எண்ணினாள். ஒன்பதுக்கு ஐந்து, இன்னொரு ஒன்பதுக்கு ஐந்து, மிச்சம் நாலுக்கு இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. முப்பத்தேழோடு பன்னிரண்டு.

"நாற்பத்தொன்பது" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு நான் வாசித்த அதே நாற்பத்தொன்பது. அவள் கை சொன்ன சூடு ஒரு கோடுகூடப் பிசகவில்லை. சாவி போனபோது அழாதவள் அப்போது அழுதாள். பெஞ்சில் இருந்த காயெல்லாம் நனையும்படி, சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போர்வைக்குள்ளிருந்து சோணை, "எனக்கு என்னமோ ஆகப்போகுதா?" என்று பயந்து கேட்டான்.

சனிக்கிழமை காலையில் முதலாளி வந்தார். குரங்கணி வரைக்கும் மட்டக்குதிரை, அப்புறம் நடை. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வீரணன் கெட்ட காயைக் கொட்டிக் காட்டினார். ராவுத்தர் ஒரு காயைப் பிட்டு மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏழு வருசம் நல்லாத்தானே பாத்தே, ஏம்மா இப்பிடிப் பண்ணுனே?"

"மொதலாளி, ஒரே ஒரு சோலி. அத முடிச்சுட்டு நீங்க எறங்குன்னா எறங்கிர்றேன்" என்றாள் ஜக்கம்மாள். "அந்தக் கண்ணாடியக் கங்காணியண்ணன் கக்கத்துல வைக்கச் சொல்லுங்க."

கூட்டம் கூடிவிட்டது. வீரணன் முறைத்தார். முதலாளி சொன்ன பிறகு வேறு வழி இல்லாமல் சட்டையைத் தூக்கி இடுக்கிக்கொண்டார். அவள் நூறு எண்ணினாள். அவ்வளவு பேரும் கூடவே எண்ணினார்கள். முதலாளியே குனிந்து வாசித்தார்.

"முப்பத்தேழு."

"கம்பவுண்டரய்யா, உசுரோட இருக்கவுகளுக்கு எம்புட்டு இருக்கணும்?"

"தொண்ணூற்றெட்டு" என்று நான் கத்தினேன். அன்றைக்கு யோசிக்காமல் வாசித்ததற்கும் சேர்த்துக் கத்தினேன்.

"அப்பக் கங்காணியண்ணன் எப்பச் செத்தாரு?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மலை முழுக்க எதிரொலித்தது. வீரணன் கண்ணாடியை நெருப்பை எடுப்பதுபோல் உருவினார். ராவுத்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். பிறகு துண்டை எடுத்தபோது வியாபாரி முகம் வந்துவிட்டிருந்தது.

"கண்ணாடி வேறதான், ஒத்துக்கிறேன். ஆனா நாப்பத்தொம்பதுதான் நூத்திருபதுங்கிறது உன் காய்க் கணக்கு. போடியில கணக்குக்கு எவனும் வெல சொல்லமாட்டான், கலருக்குத்தான் சொல்லுவான். இன்னைக்கு ஏறுற காய நீ வாட்டு. நாளைக்குச் சாயங்காலம் பாப்போம். கலர் வந்தாச் சாவி உனக்கு. வரலைன்னா என்னோடயே எறங்கிரு."

பத்து மணிக்கு அடுப்பு மூட்டினாள். புதிதாக ஒரு மெழுகு உருண்டை கட்டினாள். கண்ணாடி நாற்பத்தொன்பதுக்கு ஏறியதும், அங்கேயே ஆணி அடித்ததுபோல் நிறுத்தினாள். ஒரு விறகை இழுப்பாள், ஒரு விறகைத் தள்ளுவாள். வீரணனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கு நாலு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி ஒரு மயிரிழை இறங்கும், அவள் மறுபடி ஏற்றுவாள். நானும் கம்பவுண்டர் வேலையை விட்டுவிட்டு விறகு தூக்கினேன். வாசித்த பாவத்துக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் தட்டு வெளியே வந்தது. எல்லோரும் தட்டைச் சூழ்ந்துகொண்டோம். வெயில் சாய்ந்து தட்டின்மேல் விழுந்தது. பச்சை. வாட்டின காய் இவ்வளவு பச்சையாக இருக்குமா என்று கண்ணைக் கசக்கிக்கொள்கிற பச்சை. ஒரு காய் வெடிக்கவில்லை, ஒரு காய் வெளுக்கவில்லை. இரண்டாவது தட்டும் அப்படியே, பத்தாவது தட்டும் அப்படியே. ராவுத்தர் ஒரு கை அள்ளிக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே விதை கலகலத்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"வீரணா, சாவியக் குடு."

வீரணன் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எல்லோர் முன்னாலும் அவளிடம் நீட்டி, "தப்பு என் பேருல தாத்தா" என்றார். அந்தச் சீமையில் கோபம் வந்தவனும் பாசம் வந்தவனும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். வீரணனுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததால் நாக்குக் குழறி, 'பேருலதான் ஆத்தா' என்பது 'தாத்தா' ஆகிவிட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்றரை மாதம் கழித்துக் காரைக்காலிலிருந்து ஒரு அச்சடித்த காகிதம் வந்தது. கண்ணாடிக்கு உரிய பட்டியல், முன்பே வந்திருக்க வேண்டியது. ஒரு பக்கம் பாரன்ஹீட், ஒரு பக்கம் செல்சியஸ் என்று இரண்டு துரைமார் கணக்கு. நான் அதை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். ஜக்கம்மாள், வீரணன், தட்டு அடுக்குகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நூற்றிருபதுக்கு நேரே விரலை வைத்து வாசித்தேன்.

"நாற்பத்தெட்டு. அதற்குமேல் பத்தில் ஒன்பது பங்கு. நாற்பத்தொன்பதுக்குப் பத்தில் ஒரு பங்குதான் குறைச்சல்."

"அந்த ஒரு பங்கு கங்காணியண்ணன் கதவத் தெறந்து தெறந்து பாத்ததுல போயிருக்கும்" என்றாள் ஜக்கம்மாள்.

கீழே வழிமுறையும் போட்டிருந்தது. செல்சியஸை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டு. ஐந்துக்கு ஒன்பது என்று வந்ததும் அங்கிருந்த பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். சத்தம் அடங்கினதும் அவள் கேட்டாள்:

"அந்த முப்பத்திரெண்டு எதுக்கு அய்யா?"

"தண்ணீர் உறைகிற சூட்டிலிருந்து அவர்கள் எண்ணுகிறார்கள். பனிக்கட்டியிலிருந்து. செல்சியஸில் அது சைபர், பாரன்ஹீட்டில் முப்பத்திரண்டு."

ஜக்கம்மாள் சாவியால் ஸ்டோர் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடி மலையில பனிக்கட்டிக்கு எங்க போறது? நமக்குக் கங்காணியண்ணன் கக்கம் இருந்துச்சு, அதுல இருந்து எண்ணிக்கிட்டோம்" என்றாள்.